எழுநூறு மில்லிவோல்ட்

பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து அந்த ஏசி குளிர் முகத்தில் பட்டால் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். மாத்திரை வாங்கப் போனாலும் சரி, யாரையாவது பார்க்கப் போனாலும் சரி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹார்டுவேர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிளாக் சர்க்யூட் எப்படி வடிவமைப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, ஒரே ஒரு எண்ணைத் தப்பாகப் படித்த என் கதை.

திருவனந்தபுரத்தில் எங்களுடையது சிறிய கம்பெனி. இதயத்தில் ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கப் பயன்படும் எக்ஸ்ரே மிஷின்களுக்குப் படம் காட்டும் போர்டு செய்து கொடுத்தோம். அந்தச் சிகிச்சையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நோயாளியின் மணிக்கட்டிலோ தொடையிலோ சிறு துளை போட்டு, தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமனான ஒரு கம்பியை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் டாக்டர் செலுத்துவார். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். எக்ஸ்ரே படம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் டாக்டரின் கை நகரும். கேமராவுக்கு வருவதைத் திரையில் கொண்டுசேர்ப்பது எங்கள் போர்டு. ஆறு ஆஸ்பத்திரிகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த போர்டின் வேலைகளுக்குத் தாளம் தட்டும் பழைய கிளாக் சிப் கிடைக்காமல் போனது. வேறொரு கம்பெனியின் சிப் கிடைத்தது. அதைப் போடலாமா என்று பார்த்து ஒப்புதல் தரவேண்டியவள் நான். அன்று வெள்ளிக்கிழமை. பாறசாலைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. புதிய சிப்பின் டேட்டா ஷீட்டைப் புரட்டினேன். வெளியே தரும் வோல்டேஜ் வீச்சு எழுநூறு மில்லிவோல்ட். அதை வாங்கிக்கொள்ளும் சிப்பின் ஷீட்டைப் பார்த்தேன். குறைந்தது நானூறு மில்லிவோல்ட் வேண்டும். எழுநூறு தருகிறது, நானூறு கேட்கிறது. "தேவைக்கு மேல் தாராளம்" என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிக்னலை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் வைத்தும் பார்த்தேன். எழுநூறு காட்டியது. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். ஜன்னல் சீட் கிடைத்தது கூட நினைவிருக்கிறது.

புதிய சிப் போட்ட போர்டுகள் ஆறு ஆஸ்பத்திரிக்கும் போன சில மாதம் கழித்து, நகரத்திலேயே இருந்த ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. காலையில் முதல் நோயாளிக்குச் செய்யும்போது படம் "ஒரு மாதிரி" இருக்கிறதாம். எங்கள் சர்வீஸ் ஆள் ஷிபு இரண்டு தடவை போய்வந்தான். அவன் போன நேரமெல்லாம் மத்தியானம். "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் ஓகே ஆணு" என்றான். மூன்றாவது புகார் வந்தபோது நானே போனேன், காலை எட்டு மணிக்கு.

உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் நின்று எங்கள் முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இந்த ஊரிலேயே வலியசாலை அக்ரகாரத்துக்காரர், நான் எல்லையில் களியக்காவிளைப் பக்கம். அந்த ஆபீசில் எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும்தான் தமிழ். போனை வைத்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஆமா."

"நாங்க தின்னவேலிப் பக்கம். எங்க வீட்டுக்காரவுக இங்க சாலை பஜார்ல மூட்ட தூக்குதாக. நெஞ்சுல அடைப்புன்னு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காக. இவுக பேசுத மலையாளம் அவுகளுக்குப் புரியும், எனக்குப் பாதிதான் புரியும்." என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார். "நீங்க மிஷின் பாக்க வந்தவுகளா?"

"ஆமாம்மா."

"மிஷின்லாம் நல்லா இருக்குல்லா?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்று வரை மறக்கவில்லை. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றேன். புகார் வந்துதான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தன் பெயர் பேச்சியம்மாள் என்று சொன்னார். கணவர் பெயர் சுடலைமுத்து. நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம், அந்தப் பக்கம் சிகிச்சை அறை. இரவெல்லாம் ஏசி ஓடியதில் சிகிச்சை அறை உறைந்து கிடந்தது. டாக்டர் ஒரு பெண், சுறுசுறுப்பானவர். கை கழுவிவிட்டு வந்தவரிடம் என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"படம் சிலப்போள் ஒந்நு துடிக்கும், அத்ரயே உள்ளு" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "ஈ ரூமில் வயர் இடைக்கிடெ ஒட்டிப்பிடிக்கும். மற்றே ரூமில் ஆ பிரஸ்னம் இல்ல. புதிய ஸ்டாக் மோசமாணு."

படம் சிலசமயம் ஒரு துடிப்பு துடிக்கிறது, அவ்வளவுதானாம். இந்த அறையில் மட்டும் கம்பி சிலசமயம் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த அறையில் அப்படி இல்லை என்கிறார். புதிதாக வந்த கம்பிகள் மோசம் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். கம்பி என் வேலை இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். உபயோகிப்பவர் போகிற போக்கில் சொல்வதுதான் பலசமயம் உண்மையான புகார்.

கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் தெரியும்படி வைத்தேன். அது என்ஜினியர்களுக்கான வசதி. டாக்டரின் திரையில் வராது. சிகிச்சை ஆரம்பித்தது. சுடலைமுத்துவின் முகம் எனக்குத் தெரியவில்லை. பச்சைத் துணிக்கு வெளியே நீண்டிருந்த கை மட்டும் தெரிந்தது. தோள்பட்டை வரை தசை முறுக்கேறிய கை.

திரையில் இதயம் துடித்தது. கருப்புக் கம்பி மெல்ல நகர்ந்தது. மூலையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பிறகு கம்பி நின்றது.

இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. கம்பியின் நுனி மட்டும் ஓர் இடத்தில் நின்று, துடிப்புக்கு ஏற்ப அசைந்தது. டாக்டர் ஒருமுறை தள்ளினார். நகரவில்லை. "தே, வீண்டும் ஒட்டி" என்று, மறுபடி ஒட்டிக்கொண்டதாக அவர் சலித்துக்கொண்டது ஸ்பீக்கரில் கேட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார்.

என் கண் மூலையில் இருந்த எண்ணுக்குப் போனது. கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்றிலிருந்து எழுபது வரை ஏறியது. அடுத்து எழுபத்தொன்று வரவேண்டும். நாற்பத்தொன்று வந்தது. மறுபடி எழுபது வரை. மறுபடி நாற்பத்தொன்று.

படத்தை வழவழப்பாகக் காட்டுவதற்காக எங்கள் போர்டு முப்பது படங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். வடிவமைத்தவளே நான்தான். கேமரா பக்கத்து கிளாக் நின்றுபோனால், திரைப் பக்கம் அந்த முப்பதையே திரும்பத் திரும்பக் காட்டும். அதாவது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பழைய துடிப்பு. கம்பி ஒட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் தள்ளத் தள்ள அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போயிற்று என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

என் விரல் மைக் பட்டனுக்குப் போனது, அழுத்தவில்லை. சிகிச்சை நடக்கும்போது வெளியாள் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே விதி. ஒருவேளை எண் காட்டும் இடத்தில்தான் கோளாறோ? நான் கத்தி, அதனால் டாக்டரின் கை நடுங்கி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? இவ்வளவும் ஒரு வினாடிக்குள் மனதில் ஓடியது. மைக் பட்டனை அழுத்தினேன். மலையாளமும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

"தள்ளாதீங்க! நின்னு போச்சு!"

டாக்டரின் கை அப்படியே நின்றது. எல்லோரும் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்கள். அந்த அமைதியில் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா... என்னம்மா நின்னு போச்சு?"

நான் தமிழில் கத்தியது அவருக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது. தன் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார். டாக்டர் குனிந்து, "ஒண்ணும் நின்னில்ல சேட்டா. கேமரா, கேமராவாணு" என்றார். என்னைப் பார்த்தார். "படம் பழசு டாக்டர், கம்பி உள்ள போயிருக்கு" என்றேன். அவர் தமிழ் புரியாதவர் இல்லை. கையை அசைக்காமல் நின்றார். மிஷினை நிறுத்திப் போட்டதும் படம் வந்தது. கம்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை. ஒரு சின்னக் கிளைக்குழாய்க்குள் போய், நுனி வளைந்து கிடந்தது.

அவர் அதை வெளியே இழுத்தது இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு அது முடிவில்லாமல் நீண்டது. மருந்து செலுத்தி, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார். மறுபடி பார்த்தார். "லீக் இல்ல" என்றார். நோயாளியை அடுத்த அறைக்கு மாற்ற ஏற்பாடு நடந்தது.

அறை காலியானதும் மிஷினுக்குப் பின்னால் போய் போர்டைத் திறந்து ஆசிலோஸ்கோப்பை வைத்தேன். எழுநூறுக்குக் கொஞ்சம் கீழே. அறுநூற்று எண்பது. நானூறு போதும் என்கிற இடத்தில் இது தாராளம். பிறகு ஏன் நின்றது? பயத்தில் இருக்கும்போது அளவு சரியாக வந்தால் பயம் குறையாது. இன்னும் ஏறும்.

தரையில் உட்கார்ந்து இரண்டு டேட்டா ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் தடவையாக, எண்ணைப் பார்க்காமல் அதற்கு மேலே வரைந்திருந்த படத்தைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி கிளாக்குக்கு போர்டில் இரண்டு சிக்னல் தடங்கள். ஒன்று உயரும்போது மற்றது தாழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்னல். அந்த வித்தியாசம் ஒரு பக்கம் முந்நூற்றைம்பது போகும். பிறகு திரும்பி, எதிர்ப் பக்கம் முந்நூற்றைம்பது போகும். கீழிருந்து மேல்வரை மொத்தமாக அளந்தால் எழுநூறு. நடுவிலிருந்து அளந்தால் முந்நூற்றைம்பது. சிக்னல் ஒன்றுதான். தருகிற சிப்பின் ஷீட் மொத்தத்தை எழுதியிருந்தது. பொடி எழுத்தில் அடிக்குறிப்பும் இருந்தது. வாங்குகிற சிப்பின் ஷீட், படத்தில் நடுக்கோட்டிலிருந்து அம்புக்குறி போட்டு, நானூறு என்றிருந்தது. இரண்டு பேருமே உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள். எழுநூறு தருகிறது, நானூறு கேட்கிறது என்று நான் படித்ததுதான் பொய். தருவது முந்நூற்றைம்பது. கேட்பது நானூறு. அது முதல் நாளிலிருந்தே பற்றாக்குறை. ஆசிலோஸ்கோப்பும் மொத்தத்தைத்தான் காட்டியது. தப்பான கண்ணோடு அளந்தால் கருவியும் சேர்ந்து ஆமாம் போடும்.

அப்படியென்றால் இத்தனை மாதம் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். ஷீட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனவுடன் சிப் செத்துவிடாது. அதற்குக் கீழே என்ன ஆகும் என்று எங்களைக் கேட்காதே என்றுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். சில சிப் ஓடும். சில நாள் ஓடும். மிஷின் சூடேறியபின், ஷிபு போன மத்தியானங்களில் ஓடும். குளிர்ந்த காலையில், ஒரு மனிதனின் இதயத்துக்குள் கம்பி இருக்கும்போது நிற்கும்.

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது உறைத்தது. கேபிள் தளர்ந்திருந்தது என்று சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு போர்டாகச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் நான் ஒருத்திதான். அந்தக் கையெழுத்து என்னுடையது. எவ்வளவு நேரம் அப்படி யோசித்தேன் என்று தெரியாது. ரொம்ப நேரம் இல்லை. ஆனால் யோசித்தேன். மணி ஒன்பதரை, மற்ற ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் முதல் நோயாளியைப் படுக்க வைக்கும் நேரம் என்பது ஞாபகம் வந்ததும் போனை எடுத்தேன்.

"சார், போர்டு எல்லாத்தையும் நிறுத்தணும்."

"எந்தா சொல்றே ஸ்டெல்லா? எல்லாமா?"

"எல்லாம். இப்பவே."

"ஸ்கோப்புல எழுநூறு வரதுன்னு நீதானே சொன்னே?"

"எழுநூறுதான் சார் வருது. நான் படிச்சது தப்பு. அது மொத்த வீச்சு. பாதியத்தான் கணக்குல எடுத்திருக்கணும்."

அவர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி அது.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" என்றார்.

இவர் என்னை வாயை மூடச் சொல்லப்போகிறார், நானும் மூடிவிடப்போகிறேன் என்று தோன்றியது. "இல்ல சார்" என்றேன்.

"அப்போ என்னோட என்ன பேசிண்டிருக்கே? ஆஸ்பத்திரிகளைக் கூப்பிடு. மூணு இடம் நீ, ரெண்டு இடம் நான். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், கேட்டியா."

முதல் இரண்டு இடமும் சுலபமாக முடிந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஆபரேட்டர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். போனில் வீணை இசை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீணையைக் கேட்டுக்கொண்டு நின்றது என் வாழ்க்கையிலேயே நீளமான காத்திருப்பு. கடைசியில் ஒரு டெக்னீசியன் வந்தார். கேஸ் நடக்கிறது, பிறகு கூப்பிடுங்கள் என்றார்.

கிளாக், வோல்டேஜ், வீச்சு என்று விளக்க வாய் எடுத்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கம்பி எங்கே போயிருக்குமோ என்று நினைத்தபோது வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

"வயர் நகரலைன்னு தோணினா தள்ள வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த ஒரு வாக்கியம் மட்டும். இப்பவே உள்ள போய்ச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்றார். அங்கே அன்று படம் நிற்கவே இல்லை. நான் கூப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நடுவில் தொந்தரவு செய்ததற்காக அந்த டாக்டர் என்மீது எழுத்தில் புகார் கொடுத்தார். அதை நான் கிழித்துப் போடவில்லை. அப்படி ஒரு புகாரை வாங்க நீங்களும் தயாராக இருங்கள்.

போனை வைத்த பிறகு எனக்கு மிச்சமிருந்தது வராந்தா. அதற்குத்தான் எனக்கு எல்லாவற்றையும் விட அதிகப் பயம். பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன்.

பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். அறை மாற்றுகிறோம் என்று நர்ஸ் மலையாளத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்" என்று முதலில் சொன்னேன். "ஆனா காலையில நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. மிஷின் சரியா இல்ல. நடுவுல படம் நின்னுடுச்சு. அதுக்குள்ள இருக்கிற ஒரு பாகத்த நான்தான் தப்பா போட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்பு கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆசைப்பட்டிருக்கவும் கூடும். அவர் அடுத்த அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்ப வேற ரூமுக்குக் கொண்டுபோறாகளே," என்றார். "அங்க இருக்க மிஷினு, அதுவும் நீங்க செஞ்சதா?"

"இல்லம்மா."

"அப்பச் செரி."

துணிப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறையின் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து அடி தள்ளி இன்னொரு பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. சுடலைமுத்து கண் விழித்தபடி ஸ்ட்ரெச்சரில் வந்தார். பேச்சியம்மாள் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். லிஃப்ட் கதவு மூடும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எழவில்லை.